காசு கேளுங்க, ஆனா எல்லாச் செய்திக்கும் ஒரே பூட்டு வேணாம்: நாங்க படிக்கிற செய்தித் தளத்தோட ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவுல இருக்குறவங்களுக்கும் நிர்வாகத்துல இருக்குறவங்களுக்கும் வணக்கம்.

உங்க தளத்த பல வருஷமா காலைல எழுந்ததும் திறந்து படிக்கிற ஆள் நான். இப்ப கொஞ்ச நாளா எந்தச் செய்தியத் தொட்டாலும் ரெண்டு பத்திக்கு மேல எழுத்து மங்கிப் போயி, சந்தா கட்டுங்கன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. காசு கேக்குறதே தப்புன்னு சண்டை போட இத எழுதல. நீங்க பூட்டுன அன்னைலேர்ந்து வெளில நிக்கிற வாசகர் எங்க போறாரு, அங்க அவருக்கு என்ன கிடைக்குது, என்ன கிடைக்கவே மாட்டேங்குது, இத யாராவது உங்களுக்கு சொல்லணும், ஏன்னா சந்தா கட்டுனவங்க எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியும், கட்டாம திரும்பிப் போனவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு உங்க கணக்குல வராது.

மொதல்ல உங்க பக்கத்து நியாயம். விளம்பரக் காசுல பெரும்பகுதி கூகிள், மெட்டா பக்கம் போயிடுச்சு, வரி விளம்பரம் பத்திரிகைக்கு சோறு போட்ட காலமும் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, ஒரு நிருபர் கோர்ட்ல நாள் முழுக்க உக்காந்து குறிப்பெடுத்து வந்து எழுதுற அரைப் பக்கத்துக்குப் பின்னாடி சம்பளம், பயணம், வக்கீல் செலவுன்னு எவ்வளவோ இருக்கு. நீங்க இதுல முதல் ஆளும் இல்ல. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1990கள்லயே ஆன்லைனுக்கு காசு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. லண்டன் டைம்ஸ் 2010ல மொத்தமா பூட்டுச்சு. நியூயார்க் டைம்ஸ் 2005ல பத்தி எழுத்தாளர்கள் பகுதிய பூட்டிப் பாத்துட்டு சரியா வரலன்னு 2007ல எடுத்துட்டாங்க, திரும்ப 2011ல மாசத்துக்கு 20 செய்தி இலவசம் அதுக்கு மேல காசுன்னு வந்தாங்க, அடுத்த வருஷமே அந்த 20 வெறும் 10 ஆச்சு, இன்னைக்கு அவங்ககிட்ட ஒரு கோடிக்கு மேல சந்தாதாரர்கள் இருக்காங்க. இந்தக் கதையப் பாத்துத்தான் எல்லா நிர்வாகமும் பூட்டு வாங்குது, அதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா அந்த மாதிரி நடந்தது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்ட்ல இருக்குற, செய்தித்துறைய ஆராயுற ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் வருஷா வருஷம் ஒரு சர்வே எடுக்குறாங்க, 2024 அறிக்கைல ஓரளவு வசதியான 20 நாடுகள்ல ஆன்லைன் செய்திக்கு காசு குடுத்தவங்க நூத்துக்கு 17 பேர். நார்வேல மட்டும் 40 வரைக்கும் போகுது. அப்படிக் கட்டுறவங்கள்லயும் பெரும்பாலானவங்க கட்டுறது ஒரே ஒரு தளத்துக்கு, அந்த ஒரு இடத்தப் புடிக்கத்தான் நீங்களும் பெரிய பெரிய தளங்களும் அடிச்சுக்கிறீங்க. அப்ப மிச்ச 83 பேர் எங்க போவாங்க? அவங்க செய்தி படிக்கிறத நிறுத்தப் போறதில்ல, உங்ககிட்ட படிக்கிறதத்தான் நிறுத்துவாங்க.

எங்க நண்பர்கள் சொந்தக்காரங்க வட்டத்துல உங்க லிங்க எடுத்துப் போடுற ஆள் நான்தான்ங்கிறதால, இனிமே எங்க போய் படிக்கிறதுன்னு கேட்டு வந்தவங்களும் என்கிட்டதான் வந்தாங்க. அதனால உக்காந்து தேடுனேன். தேடுனதுல தெரிஞ்ச முதல் விஷயம் உங்களுக்கே சங்கடமா இருக்கும். உங்க உலகச் செய்திப் பக்கத்துல முக்கால்வாசி செய்திக்குக் கீழ, செய்தி எழுதி மத்த பத்திரிகைகளுக்கு விக்கிற ஏஜென்சியோட பேர்தான் இருக்கு. அந்த ஏஜென்சில ஒண்ணு அசோசியேட்டட் பிரஸ் (ஏபி), 1846ல நியூயார்க் பத்திரிகைங்க சேந்து ஆரம்பிச்ச, லாப நோக்கம் இல்லாத கூட்டுறவு அமைப்பு. அவங்க சொந்த வெப்சைட்ல அதே செய்தி, வரிக்கு வரி அதே செய்தி, இலவசமா கிடைக்குது. ஒரு எடத்துல சும்மா கிடைக்கிறத அப்படியே எடுத்துப் போட்டு அதுக்கு முன்னாடி பூட்ட மாட்டுனா யாரு காசு குடுப்பாங்க, அதுவும் பூட்டுக்குள்ள இருக்குறது என்னன்னு தெரியாத நிலமைல?

பிபிசி இருக்கு, பிரிட்டன்ல டிவி வெச்சிருக்குறவங்க கட்டுற லைசென்ஸ் கட்டணத்த முக்கியமா நம்பி ஓடுறது, அதோட தமிழ் சேவை 1941லேர்ந்து இருக்கு. ஜெர்மன் அரசு வரிப்பணத்துல ஓடுற டாய்ச்ச வெல்ல இருக்கு. கத்தார் காசுல ஓடுற அல் ஜசீரா இருக்கு, அத எங்க வட்டத்துக்கு சொல்லும்போதே கத்தாரப் பத்தின செய்தின்னா இன்னொரு எடத்துலயும் பாத்துக்கோங்கன்னு சேத்துத்தான் சொன்னேன், காசு யாரு குடுக்குறாங்கன்னு தெரிஞ்சு படிக்கிறது இலவசச் செய்திக்கு ரொம்ப முக்கியம். பிரிட்டன் பத்திரிகை கார்டியன் இருக்கு. 1936ல ஏற்படுத்துன ஸ்காட் டிரஸ்ட் பின்னாடி நிக்கிறதால வெப்சைட்ட பூட்டாம, முடிஞ்சா குடுங்கன்னு ஒவ்வொரு செய்திக்கும் கீழ கேக்குறாங்க, குடுக்கலன்னாலும் முழுசும் படிக்கலாம். புலனாய்வுச் செய்திக்கு அமெரிக்கால ப்ரோபப்ளிக்கா, 2008லேர்ந்து படிக்கிறதுக்கு கட்டணம் வாங்காம எழுதுறாங்க, 2010ல புலிட்சர் பத்திரிகை விருதும் வாங்குனாங்க, பெரும்பாலான செய்திய யாரு வேணும்னாலும் சில விதிகளோட எடுத்துப் போட்டுக்கலாம்னு வேற சொல்லிருக்காங்க. பேராசிரியர்களே எழுதுற தி கான்வர்சேஷன் 2011ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சது, அதுவும் அப்படித்தான்.

இலவசம்ங்கிறது நிலையான தரைன்னு மட்டும் யாரும் நெனச்சிடக் கூடாது, அதையும் இந்தத் தேடல்ல பாத்துட்டேன். ராய்ட்டர்ஸ் செய்தி ஏஜென்சி 2024 கடைசிலேர்ந்து ஒவ்வொரு நாடா காசு கேக்க ஆரம்பிச்சிருக்கு. பிபிசியே 2025 ஜூன்லேர்ந்து அமெரிக்க வாசகர்கள்கிட்ட முழுசா படிக்க சந்தா கேக்குது. 2025 மார்ச்ல அமெரிக்க அரசு நடத்துற வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஒலிபரப்போட வேலைய அந்த அரசாங்கமே பெரும்பாலும் நிறுத்துச்சு, ஜூலைல என்பிஆர், பிபிஎஸ் மாதிரி பொது ஒலிபரப்புக்குப் போக வேண்டிய 110 கோடி டாலர ரத்து பண்ணுனாங்க. அரசு குடுத்தாலும் ஆபத்து இருக்கு, விளம்பரத்த நம்புனாலும் இருக்கு, அதனாலதான் நீங்க எங்ககிட்ட கேக்குறத நான் குத்தமாவே சொல்லல.

தேடுற மத்தவங்களுக்கு உதவுமேன்னு இதையும் இங்கயே எழுதிடுறேன். கூகிள் நியூஸ்ல போனா பாதி லிங்க் பூட்டுல போய் முட்டுது. முன்னாடி கூகிள்ல தேடி வர்றவங்களுக்கு முதல் கிளிக்க இலவசமா விடணும்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, 2017ல அத கைவிட்டுட்டாங்க. அதவிட ஃபீட் ரீடர் நல்லது, நாம பொறுக்குன தளங்கள்ல வர்ற புதுச் செய்திய ஒரே எடத்துல வரிசையா காட்டுற ஆப் அது. கூகிள் ரீடர் 2013ல மூடுனதோட அந்த முறையே செத்துப் போச்சுன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, இல்ல, ஃபீட்லி இனோரீடர் மாதிரி நிறைய இருக்கு, பூட்டில்லாத தளங்கள மட்டும் பொறுக்கி அதுல சேத்துக்கிட்டா நோட்டிஃபிகேஷன் தொல்லையும் இல்ல, எவனோ ஒருத்தனோட அல்காரிதம் சொல்றத படிக்க வேண்டியதும் இல்ல. காசு கேக்குற தளங்கள்லயே பல இடத்துல நியூஸ்லெட்டர் இலவசம், சுருக்கம் மெயில்லயே வந்துடும். எல்லாத்தையும் விட நான் சத்தம் போட்டு சொல்ற ஒண்ணு பொது நூலகம். பல நாட்டு நூலகங்கள் பிரஸ்ரீடர் மாதிரி சேவைக்கு தாங்களே காசு கட்டி வெச்சிருக்காங்க, உறுப்பினர் கார்டு இருந்தா போதும், ஆயிரக்கணக்கான பேப்பர, மேகசின பக்கம் பக்கமா அச்சுல இருக்குற மாதிரியே வீட்லேர்ந்து படிக்கலாம், எழுதுனவங்களுக்கும் காசு போகும். பூட்ட உடைக்கிற குறுக்கு வழி சொல்லிக் குடுக்க நிறைய பேர் வந்தாங்க, அதுல நான் போகல, யாருக்கும் சொல்லவும் இல்ல, அது உங்க நிருபரோட கூலி.

இவ்வளவும் தேடி எடுத்ததுக்கு அப்புறம் பாத்தா, உலகம் முழுக்க நடக்குறது எனக்கு முன்ன விட நல்லாவே தெரியுது, ஆனா நான் இருக்குற எடத்துல என்ன நடக்குதுன்னு தெரியல. நான் இத எழுதுறதே இதுக்காகத்தான். உள்ளூர் நிர்வாகக் கூட்டத்துல என்ன தீர்மானம் போட்டாங்க, யாரு எதிர்த்து ஓட்டு போட்டாங்க, ஆஸ்பத்திரிக்கு கருவி வாங்குன டெண்டர் யாருக்குப் போச்சு, போன வருஷம் பெருசா பேசுன வழக்கு இப்ப எந்த நிலமைல இருக்கு, இதெல்லாம் ஏபில வராது, பிபிசில வராது, நூலகத்துலயும் இருக்காது, உங்க நிருபர் அந்த ரூம்ல உக்காந்திருந்தா மட்டும்தான் வரும். வியாபாரமா பாத்தா வேற எங்கயும் கிடைக்காத சரக்கத்தான் பூட்டி விக்கணும்னு நீங்க சொல்லலாம், அந்தக் கணக்கு எனக்கும் புரியுது. ஆனா ஒரு ஊர்ல நூத்துல 17 பேருக்கு மட்டும் அந்தத் தீர்மானம் தெரிஞ்சு மிச்ச பேருக்குத் தெரியலன்னா அந்த மிச்ச பேரும் அதே எடத்துலதான் ஓட்டு போடப் போறாங்க, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகப் போறாங்க.

அந்தக் காலி எடம் காலியாவும் இருக்குறதில்ல. ஆளே இல்லாம மெஷின் எழுதித் தள்ளுற தளங்கள் வந்து உக்காருது, கட்சிக்காரங்க செய்திங்கிற பேர்ல நடத்துற பக்கங்கள் வந்து உக்காருது, யாரு எழுதுனதுன்னே தெரியாத ஃபார்வர்டு வந்து உக்காருது. அதுக்கெல்லாம் பூட்டே கிடையாது.

அதுலயும் உங்க பூட்டே ஒரு புதுப் பொய்ய உண்டாக்குது, அத நீங்க யோசிச்சீங்களான்னு தெரியல. தலைப்பு வெளில இருக்கு, விஷயம் உள்ள இருக்கு. 'தண்ணீர் கட்டணம் உயர்கிறதா?'ன்னு ஒரு தலைப்பு வைக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க, உள்ள அஞ்சாவது பத்தில முடிவ தள்ளி வெச்சுட்டாங்க இப்போதைக்கு உயர்வு இல்லன்னு இருக்கும். உள்ள போக முடியாதவங்க கைல இருக்குறது அந்தத் தலைப்பு மட்டும்தான், அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஏத்திட்டாங்கன்னு வாட்ஸப்ல போடுறாங்க, சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா உயர்ந்துடுச்சு. உங்க பேரு, உங்க லோகோவோட. இல்லன்னு சொல்ல நான் உங்க லிங்க்கயே குடுத்தாலும் அவங்களால திறக்க முடியல. முன்னாடி ஒரு விஷயத்துல சண்டை வந்தா, இந்தா படிச்சுப் பாருன்னு உங்க செய்தியத்தான் நீட்டுவோம், ரெண்டு பேரும் அதே வரிகளப் படிச்சுட்டுத்தான் சண்டை போடுவோம். அந்த வசதி போனது எனக்கு உண்மையிலேயே பெரிய இழப்பா இருக்கு.

திருத்தம் அதவிட மோசம். பூட்டு போடுறதுக்கு முன்னாடி வந்த ஒரு செய்தில தப்பு இருந்து, பூட்டுனதுக்கு அப்புறம் நீங்க திருத்தம் போடுறீங்கன்னா, தப்ப லட்சம் பேர் இலவசமா படிச்சிருப்பாங்க, திருத்தத்த காசு கட்டுனவங்க மட்டும் படிப்பாங்க. இது எந்தப் பத்திரிகை தர்மத்துலயும் சேராது. பழைய செய்திங்களும் இப்படித்தான். நாங்க விளம்பரம் பாத்து, நீங்க விளம்பரக் காசு வாங்கி, எல்லாருக்கும்னு வெளியிட்ட வருஷக்கணக்கான செய்திய இப்ப பின்தேதி போட்டு பூட்டிட்டீங்க. விக்கிபீடியால ஆதாரமா குடுத்திருக்குற லிங்க், பசங்க ப்ராஜெக்ட்ல குடுத்த லிங்க், ஒருத்தர் தன் வழக்குக்காக சேத்து வெச்ச லிங்க் எல்லாம் இன்னைக்கு சந்தாப் பெட்டில போய் நிக்குது.

ஆபத்து காலத்துல என்ன பண்ணப் போறீங்கன்னும் இன்னும் சொல்லல. 2020 மார்ச்ல கொரோனா வந்தப்ப நியூயார்க் டைம்ஸ்லேர்ந்து எத்தனையோ தளங்கள் கொரோனா செய்திக்கு மட்டும் பூட்ட எடுத்தாங்க. 2023 ஆகஸ்ட்ல கனடால வேற மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அங்க வந்த புதுச் சட்டத்த எதிர்த்து மெட்டா ஃபேஸ்புக்லயும் இன்ஸ்டாகிராம்லயும் செய்தி லிங்க மொத்தமா தடுத்துடுச்சு, அதே நேரத்துல காட்டுத் தீ பரவி ஒரு நகரத்தையே காலி பண்ணுற நிலமை, ஜனங்க செய்திய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்புனாங்க. அது காசு கேக்குற பூட்டு இல்லதான், ஆனா செய்திக்கும் ஜனங்களுக்கும் நடுவுல ஒரு தடை நின்னா அவசரத்துல என்ன ஆகும்ங்கிறது அங்க தெரிஞ்சுது. வெள்ளமோ தீயோ வந்ததுக்கு அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு பூட்ட எடுக்கலாமான்னு மீட்டிங் போட முடியாது, விதிய இப்பவே எழுதி வெச்சாகணும்.

பூட்டாமலே வேற மாதிரி பிழைக்கிறவங்களும், பூட்டிட்டு எடுத்தவங்களும் இருக்காங்க. தென்னாப்பிரிக்கால டெய்லி மேவரிக் 2018லேர்ந்து உறுப்பினர் திட்டம் வெச்சு, குடுக்குறவங்க குடுக்க எல்லாரும் படிக்கிறாங்க. கனடால லா பிரெஸ் 2018ல லாப நோக்கமில்லாத அமைப்பா மாறி நன்கொடையும் விளம்பரமுமா ஓடுது, படிக்க காசு இல்ல. சிகாகோ சன் டைம்ஸ அங்க இருக்குற பொது வானொலி வாங்குனதுக்கு அப்புறம் 2022 அக்டோபர்ல பூட்ட எடுத்தாங்க, டைம் மேகசின் 2023 ஜூன்ல எடுத்தாங்க. ஸ்பெயின்ல எல்தியாரியோன்னு ஒரு தளம், சந்தா கேப்பாங்க, இப்ப என்னால முடியலன்னு சொல்றவங்களையும் படிக்க விடுவாங்க. இதுல எது உங்களுக்கு ஒத்து வரும்னு உங்களுக்குத்தான் தெரியும், நான் சொல்ல வந்தது பூட்டுங்கிறது ஒரு முறை போட்டா எடுக்க முடியாத விஷயம் இல்ல.

இப்ப கேக்க வேண்டியத கேட்டுடுறேன். உங்க பத்தி எழுத்தாளர்கள், நீண்ட கட்டுரைகள், பேட்டிகள், குறுக்கெழுத்து, சமையல், சினிமா விமர்சனம், விளம்பரமில்லாத ஆப், இதெல்லாம் பூட்டுங்க, நல்லா விலை வெச்சே பூட்டுங்க, அதுக்குக் காசு குடுக்குறவங்க இருக்காங்க. ஆனா நிர்வாக முடிவுகள், கோர்ட் தீர்ப்புகள், தேர்தல் சம்பந்தப்பட்டது, உடல்நலம், வானிலை எச்சரிக்கை, அப்புறம் நீங்க போடுற ஒவ்வொரு திருத்தமும், இது திறந்தே இருக்கட்டும், எல்லாம் முழுசா முடியலன்னா முக்கியமான விஷயம் முதல் ரெண்டு பத்திலயே வர்ற மாதிரி எழுதச் சொல்லுங்க, தலைப்புல கேள்வி கேட்டா பதில் பூட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். நீங்க பூட்டுன தேதிக்கு முன்னாடி வந்த எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க. சந்தா கட்டுறவங்க மாசம் இத்தன செய்திய மத்தவங்களுக்கு இலவசமா அனுப்பலாம்னு கிஃப்ட் லிங்க் குடுங்க, பல தளங்கள்ல அது இருக்கு. என்னால கட்ட முடியலன்னு ஒருத்தர் சொன்னா நம்புங்க, சர்டிபிகேட் கேக்காதீங்க. சேர ஒரு கிளிக்னா விலகவும் ஒரு கிளிக்தான் இருக்கணும், கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டு காத்திருக்க வைக்கிறது உங்க மாதிரி நுகர்வோர் பக்கம் எழுதுற தளத்துக்கு அழகில்ல. ஆட்டோ ரெனியூவலுக்கு முன்னாடி ஒரு மெயில் அனுப்புங்க.

ஒரு செய்திக்கு மட்டும் சில்லறைக் காசு வாங்கலாமேன்னு நிறைய பேர் சொல்றாங்க, அத நான் கேக்கப் போறதில்ல, நெதர்லாந்துல பிளெண்டில்னு ஒரு கம்பெனி 2014லேர்ந்து அதத்தான் பண்ணிப் பாத்துச்சு, 2019ல சந்தாவுக்கு மாறிடுச்சு. ஓடாத வழின்னு தெரிஞ்சும் உங்க தலைல கட்ட மாட்டேன்.

நான் சந்தா கட்டுவேன். என்னால முடியும், உங்க கோர்ட் நிருபர் எழுதுறதுக்காகவே கட்டணும்னு தோணுது. இந்த மாசக் கடைசிக்குள்ள உங்க தளத்துலயே ஒரு அறிவிப்பு போடுங்க: எதெல்லாம் எப்பவும் திறந்திருக்கும், ஆபத்து காலத்துல யாரு எந்த நேரத்துல பூட்ட எடுப்பாங்க, கட்ட முடியாதவங்க எங்க எழுதிக் கேக்கணும். அந்த அறிவிப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி வெளில போடுங்க. அத எங்க வட்டத்துக்கு அனுப்பிட்டு நான் சந்தா கட்டுறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர்